வெறும் வயிற்றில் ஒரு காபி

2024 டிசம்பரில் ஒரு நாள் இரவு அக்காவிடமிருந்து போன். "தம்பி, பாப்பா கையை ஒடிச்சுக்கிட்டா." பாப்பா என்பது வீட்டுப் பெயர். வயது 17. திருப்பதியில் ஒரு ஜூனியர் காலேஜ் விடுதியில் தங்கி இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். விடுதி மாடிப்படியில் கடைசி இரண்டு படிகளைக் கவனிக்காமல் கால் வைத்து, கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அக்கா என் சொந்த அக்கா அல்ல. பெரியம்மா மகள். சித்தூருக்குத் தெற்கே, வேலூர் போகும் சாலையில் குடிபாலா பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. கொட்டகையில் நான்கு ஜெர்ஸிக் கலப்பினப் பசுக்கள். காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் கேன் பால் சேகரிப்பு மையத்துக்குப் போய்விடும். பாப்பாவின் ஸ்கூல் பீஸ், காலேஜ் பீஸ் எல்லாம் அந்தக் கேனிலிருந்து வந்தவைதான்.

பதின் வயதில் மணிக்கட்டு முறிவது அதிசயமில்லை. உயரம் வேகமாகக் கூடும் ஆண்டுகளில் எலும்பின் நீளத்துக்கு அதன் கெட்டித்தன்மை சற்றுப் பின்தங்கி வரும். அந்தக் காலத்தில் பிள்ளைகள் விழுந்து கையை ஒடித்துக்கொள்வது உலகம் முழுக்க உண்டு. ஆகவே மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் அதோடு விட்டிருக்கலாம். அவர் கண்ணில் பட்டது வேறு. கட்டுப் போடும்போது பெண்ணின் இன்னொரு கை நடுங்கிக்கொண்டிருந்தது. நாடி நிமிடத்துக்கு 120. பயத்தில் இருக்கும் என்று கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார். அப்போதும் 116. "தைராய்டு ஏதாவது இருக்கா அம்மா?" என்று கேட்டார். இருந்தது. ஐந்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள். ஆனால் அது தைராய்டு குறைவாகச் சுரப்பதற்கான மாத்திரை. நடுக்கமும் படபடப்பும் தைராய்டு மிகுதியின் அடையாளங்கள். கணக்கு உதைத்தது.

ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் கிட்டத்தட்ட பூஜ்யம். இந்த எண் பலரைக் குழப்பும். டிஎஸ்எச் என்பது மூளையடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. உடம்பில் தைராய்டு ஹார்மோன் போதவில்லை என்றால் கட்டளை உரக்க ஒலிக்கும், எண் ஏறும். ஹார்மோன் அதிகமானால் கட்டளை அடங்கும், எண் இறங்கும். பூஜ்யம் என்றால் உடம்பு ஹார்மோனில் மிதக்கிறது என்று அர்த்தம். அடுத்து டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். அவள் வயதுப் பெண்களுக்கு இருக்க வேண்டிய எலும்பு அடர்த்தியைவிட அவளுக்குத் தெளிவாகக் குறைவு.

"கொட்டகையில நாலு மாடு கட்டியிருக்கற வீட்டுல பொறந்த பொண்ணுக்கு எலும்புல சத்தில்லைன்னு சொல்றாங்களே தம்பி" என்று அக்கா புலம்பினார். பாலின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை முதன்முறையாக ஆட்டம் கண்டிருந்தது. சில நாளில் அது எதிர்ப்பக்கத்துக்கே சாய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறான்: பால்தான் எலும்பை அரிக்கிறது, பால்தான் தைராய்டைக் கெடுக்கிறது, விட்டுவிடுங்கள் என்று. விட்டுவிடலாமா என்று என்னைக் கேட்டார்.

என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடித்தது ஒரு கேள்வி. திருப்பதியில் பார்த்த ஹார்மோன் டாக்டர் பழைய சீட்டுகளை வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வீட்ல இருந்தப்போ மாத்திரையை எதோட சாப்பிட்டே? ஹாஸ்டல் வந்தப்புறம் எதோட சாப்பிட்டே?"

2019ல் பாப்பாவுக்கு 12 வயது. கழுத்து லேசாக வீங்கியிருந்தது, வகுப்பில் தூங்கி விழுந்தாள், இரண்டு வருடமாக அதே பாவாடை சட்டை போதுமாயிருந்தது. ஆஷிமோட்டோ நோய் என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டுச் சுரப்பியைத் தாக்குவது. நம் ஊர்ப் பதின்வயதுப் பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படுவதுதான். தைராக்ஸின் மாத்திரை 50 மைக்ரோகிராமில் தொடங்கினார்கள். "காலையில வெறும் வயித்துல" என்று டாக்டர் சொன்னார். அக்கா அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். எப்படியென்றால், காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் திக்கான பால் காபி, அதோடு மாத்திரை. எட்டு மணிக்கு இட்லி. அக்காவின் அகராதியில் வெறும் வயிறு என்றால் இட்லிக்கு முந்திய வயிறு. "காபி சாப்பாடா என்ன?" என்று இப்போதும் கேட்கிறார். நம் வீடுகளில் பாதிக்கு மேல் இந்த அகராதிதான் என்று நினைக்கிறேன். என் வீட்டிலும் அதுதான். அந்தப் பெண் காபியோடு மாத்திரை விழுங்குவதை ஒரு பொங்கல் விடுமுறையில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். உடல்நலம் பற்றிப் பத்தி எழுதுகிறவன், வாயைத் திறக்கவில்லை. தோன்றவில்லை.

எலும்புக்கு நல்லது என்று யாரோ சொல்லி ஒரு கால்சியம் மாத்திரையும் அதே காபியோடு சேர்ந்தது.

தைராக்ஸின் கூச்ச சுபாவமுள்ள மருந்து. குடலில் கால்சியமோ இரும்புச் சத்தோ பக்கத்தில் இருந்தால் அதோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும். 2000ல் அமெரிக்காவில் 20 நோயாளிகளுக்குத் தைராக்ஸினோடு கால்சியம் கார்பனேட்டைச் சேர்த்து மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தது, டிஎஸ்எச் ஏறியது, கால்சியத்தை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பியது. காபியும் மருந்து சேர்வதைத் தடுக்கும் என்று இத்தாலியில் 2008ல் எழுதினார்கள். பசும்பாலோடு விழுங்கினால் மருந்து சேரும் அளவு குறைகிறது என்று 2018ல் இன்னொரு அமெரிக்க ஆய்வு சொன்னது. பால் தனியாகச் செய்யும் கெடுதல் சிறியதுதான். காபி, பால், கால்சியம் மாத்திரை மூன்றும் ஒரே டம்ளரில் கூட்டணி வைத்தால் அது சிறியதாக இருக்காது.

சித்தூரில் டாக்டரிடம் போகும்போதெல்லாம் டிஎஸ்எச் கூடுதலாகவே இருந்தது. 50, 75 ஆயிற்று. 75, 100 ஆயிற்று. 2022ல் 125. "ஒழுங்கா சாப்பிடறியா?" என்று கேட்டார்கள். ஒழுங்காகத்தான் சாப்பிட்டாள். எதோடு என்று யாரும் கேட்கவில்லை. அந்த அளவில் எண் சரிக்கு வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. உண்மையில் மாத்திரையில் ஒரு பங்கு பெண்ணுக்கும் ஒரு பங்கு காபிக்கும் போய்க்கொண்டிருந்தது.

2023 ஜூனில் பாப்பா திருப்பதிக்குப் போனாள். விடுதியில் காலை ஐந்து மணிக்கு எழுப்பிப் படிக்க உட்காரவைத்துவிடுவார்கள். காபி கிடையாது. பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். கால்சியம் மாத்திரை தீர்ந்தபின் மறுபடி வாங்கவில்லை. 44 கிலோ பெண்ணுக்கு 125 மைக்ரோகிராமும் முழுசாகச் சேர ஆரம்பித்தது. தைராக்ஸினைச் சரியாகச் சாப்பிட ஆரம்பித்த நாளிலிருந்துதான் அவள் உடம்பு கெட்டது.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. ஐந்து கிலோ இளைத்தாள். தூக்கம் போயிற்று. மாதவிலக்கு தப்பித் தப்பி வந்தது. கை நடுக்கத்தில் கையெழுத்து கோணலாயிற்று. எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே விளக்கம்: பரீட்சை டென்ஷன். இன்டர்மீடியட்டும் நுழைவுத் தேர்வும் சேர்ந்து நெருக்கும் வயதில் எந்த நோயும் அந்தப் போர்வைக்குள் ஒளிந்துகொள்ளலாம். "தைராய்டுக்குத்தான் மாத்திரை போகுதே" என்று 18 மாதம் ரத்தப் பரிசோதனையே செய்யவில்லை.

தைராய்டு மிகுதிக்கும் எலும்புக்கும் உள்ள பகை புதிய செய்தி அல்ல. 1891லேயே ஜெர்மானிய நோயியல் அறிஞர் ஃபான் ரெக்லிங்ஹௌசன், தைராய்டு மிகுதியால் இறந்த ஓர் இளம் பெண்ணின் கால் எலும்புகள் புழு அரித்ததுபோல் இருந்ததாகப் பதிவு செய்தார். எலும்பு கல்தூண் போலத் தோன்றினாலும் உள்ளே ஓயாத மராமத்து வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு வகை செல்கள் பழைய எலும்பைக் கரைத்துக் குழி பறிக்கும். இன்னொரு வகை அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்பும். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 200 நாள். தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் அந்தக் காலம் பாதியாகச் சுருங்குகிறது. பறிக்கிற ஆள் வேகமாகப் பறிக்கிறான், நிரப்புகிற ஆளுக்கு நேரம் போதவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் குழி கொஞ்சம் மிச்சமாகிறது.

இது 60 வயதில் நடந்தால் இருப்பு கரையும். 16 வயதில் நடந்தால் அந்த இருப்பே சேராது. வளரிளம் பருவத்தின் உச்சகட்ட வளர்ச்சி ஆண்டுகள் இரண்டில் மட்டும், முழு வளர்ந்த எலும்புக்கூட்டின் தாதுப்பொருளில் ஏறத்தாழ கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. 20 வயது நெருங்கும்போது கட்டடம் அநேகமாக முடிந்துவிடும். பிறகு பராமரிப்பு, பிறகு தேய்மானம். எலும்பு மெலிவு என்றால் பாட்டிகளின் கூன் முதுகு நினைவுக்கு வருகிறது. பாட்டியின் கூன் எவ்வளவு என்பதில் ஒரு பங்கு அவர் பாவாடை தாவணி போட்ட காலத்திலேயே முடிவாகிவிட்ட விஷயம்.

அந்த இருப்பைச் சேர்க்க நம் ஊர்ப் பெண்களிடம் கால்சியம் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியைத் திருப்பதியிலேயே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். தேவஸ்தானத்தின் ஆதரவில் உருவாகி 1993ல் செயல்படத் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ஹார்மோன் துறையில் டாக்டர் சி.வி. ஹரிநாராயணும் சகாக்களும் திருப்பதி நகரத்திலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் ஆரோக்கியமானவர்களின் உணவையும் ரத்தத்தையும் சோதித்தார்கள். நோயாளிகளை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். 2007ல் அமெரிக்க ஊட்டச்சத்து இதழ் ஒன்றில் வெளியான முடிவு, திருப்பதி வெயிலைத் தெரிந்த எவரையும் திகைக்க வைக்கும். நகரத்துப் பெண்களில் 75 சதவீதம் பேருக்கும் கிராமத்துப் பெண்களில் 70 சதவீதம் பேருக்கும் வைட்டமின் டி பற்றாக்குறை. குழந்தைகளுக்கும் குறைவு. வெயிலில் உழைக்கும் கிராமத்து ஆண்கள் சற்றே தேவலை. அவர்களிலும் 44 சதவீதம் பேருக்குப் பற்றாக்குறை. எந்த அளவுக்குக் கீழே போனால் பற்றாக்குறை என்பதில் நிபுணர்களிடையே தகராறு உண்டு. கோட்டைக் கொஞ்சம் இறக்கிப் போட்டாலும் படம் அழகாகிவிடாது.

என்னை அதிகம் உறுத்தியது கால்சியக் கணக்கு. நகரம், கிராமம் இரண்டிலும் உணவுக் கால்சியம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்ன அளவைவிடக் குறைவு. அதிலும் கிராமத்தில்தான் இன்னும் குறைவு. மாடு கட்டியிருக்கும் ஊரில்.

சித்தூர் பால் வளத்துக்குப் பேர்போன மாவட்டம். (திருப்பதி அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்.) புங்கனூர் குட்டைப் பசு இந்த மண்ணின் மாடு. ஒரு காலத்தில் ஓங்கி நின்ற சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை 2002ல் மூடப்பட்டாலும் பால் நிற்கவில்லை. தனியார் வேன்கள் வந்தன. மையத்தில் கொழுப்பையும் இதரச் சத்தையும் அளந்து லிட்டருக்கு இவ்வளவு என்று எழுதுகிறார்கள். சொட்டு விடாமல் ஊற்றினால்தான் தீவனக் கடன் அடையும். ஆய்வுத் தாள் காரணம் இதுதான் என்று சொல்லவில்லை, என் அனுமானம்: கன்றுக்குக் கொஞ்சம், காபிக்குக் கொஞ்சம், மீதி அத்தனையும் கேனுக்கு. அக்கா வீட்டில் நாளுக்கு 30 லிட்டர் கறக்கும் நாட்களில்கூட ஐந்து பேருக்கு வீட்டில் நிற்பது முக்கால் லிட்டர். பாப்பா பால் குடித்து வளர்ந்தவள் என்று அக்கா நம்பியிருந்தார். வளர்ந்தது காபியில் கலந்த நூறு மில்லியிலும் நீர்மோரிலும்.

16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,050 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது 2020ல் திருத்திய நம் நாட்டுப் பட்டியல். நூறு மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம். நூறு கிராம் அரிசியில் 10கூடத் தேறாது. நூறு கிராம் கேழ்வரகில் 350ஐத் தாண்டும். ராயலசீமாவின் சங்கடி, நாம் களி என்கிறோமே அது, ஏழையின் பால் பண்ணையாக இருந்தது. மலிவு விலை அரிசி வந்தது. பசி தீர்ந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் களி கிண்டும் வழக்கம் வீடு வீடாகப் போயிற்று. தானியங்களில் பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதையும் திருப்பதி ஆய்வு எடுத்துக்காட்டியது. ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது மூன்றும் அந்தப் பிடியைத் தளர்த்தும். கூழைப் புளிக்கவைத்த நம் பாட்டிகளுக்கு வேதியியல் தெரியாது, பழக்கம் தெரிந்திருந்தது.

வெயில் விஷயத்திலும் திருப்பதியில் ஒரு பழைய நம்பிக்கை உடைந்தது. தோலில் வைட்டமின் டி உருவாகும் மூலப்பொருளைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, மணிக்கு மணி வெயிலில் வைத்துச் சோதித்தார்கள். பாஸ்டன் விஞ்ஞானி மைக்கேல் ஹோலிக்கும் சேர்ந்து 2013ல் வெளியிட்ட கட்டுரைப்படி, காலை 11 மணியிலிருந்து மதியம் 2 மணிவரைதான் உற்பத்தி உச்சம். "காலை இளம் வெயில்ல நில்லு, வைட்டமின் டி வரும்" என்று நாம் சொல்லிவருவது நடைப்பயிற்சிக்கு நல்ல யோசனை. வைட்டமினுக்கு ஆகாது. பாப்பாவின் விடுதியிலோ விடியலுக்கு முன் தொடங்கி இரவு வரை குழல் விளக்குதான் சூரியன். மதியம் 11 முதல் 2 வரை கணக்கும் இயற்பியலும்.

இனி அந்த வீடியோ. பாலின் புரதம் ரத்தத்தை அமிலமாக்குகிறது, அதைச் சரிக்கட்ட எலும்பு கரைகிறது என்பது ஒரு பழைய கருதுகோள். சோதித்துப் பார்த்ததில் நிற்கவில்லை. புரதம் குடலில் கால்சியம் சேர உதவவே செய்கிறது. சுவீடனில் 2014ல் வந்த ஓர் ஆய்வு, நாளுக்கு மூன்று டம்ளருக்கு மேல் பால் குடித்த பெண்களிடம் எலும்பு முறிவு அதிகம் என்றது. உண்மை, அப்படி ஓர் ஆய்வு இருக்கிறது. அவர்கள் நடுவயதையும் முதுமையையும் எட்டியவர்கள். காரணம் பால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். மூன்று டம்ளருக்கு மேல் குடிப்பவர்களின் பிரச்சினையை வைத்து, அரை டம்ளர்கூடக் கிடைக்காத சித்தூர்ப் பெண்ணுக்குப் புத்தி சொல்வது என்ன நியாயம்?

பால் தைராய்டைக் கெடுக்கிறதா? பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை ஒத்துக்கொள்ளாத ஆஷிமோட்டோ நோயாளிகள் அதைக் குறைத்தபோது டிஎஸ்எச் இறங்கியதாகத் துருக்கி டாக்டர்கள் 2014ல் எழுதினார்கள். தென்னிந்தியர்களில் பலருக்கு லாக்டோஸ் சுலபமாகச் செரிக்காது. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் தயிருக்கும் மோருக்கும் மாறிக்கொள்ளலாம். தயிர் தோயும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை நுண்ணுயிரிகள் தின்றுவிடுகின்றன, கால்சியம் அப்படியே இருக்கிறது. தைராய்டு இருந்தால் கேழ்வரகு கூடாது என்றொரு பட்டியலும் சுற்றுகிறது. சிறுதானியத்துக்கும் கழுத்துக் கழலைக்கும் முடிச்சுப் போட்ட பிரபலமான ஆய்வு, கம்பையே பிரதானமாக உண்ட சூடானின் டார்ஃபூர் பகுதியைப் பற்றியது. அயோடின் உப்புப் போட்டு வாரத்தில் நாலு நாள் களி சாப்பிடும் பெண் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

திருப்பதி டாக்டர் மாத்திரையை 75 மைக்ரோகிராமாக இறக்கினார். ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொன்னார். தைராக்ஸின் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அதற்குமுன் பார்ப்பது வீண் செலவு. மாத்திரை, தண்ணீர் மட்டும். ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம் மாத்திரையோ இரும்பு மாத்திரையோ நாலு மணி நேரத்துக்கு அப்புறம், மதிய அல்லது இரவுச் சாப்பாட்டோடு. காலையில் முடியவே முடியாதென்றால், இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத் தூங்கும் முன் மாத்திரை போடலாம். அப்போது படுக்கைப் பாலை விட்டுவிட வேண்டும். எந்த நேரமானாலும் அதை மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வருடக்கணக்காகக் காபியோடே சாப்பிட்டு வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலிருந்து தண்ணீருக்கு மாறிக்கொண்டால், பாப்பாவுக்கு நடந்ததுதான் நடக்கும். மாறுங்கள், ஆனால் ஆறு வாரத்தில் டிஎஸ்எச் பார்த்துக்கொள்ளுங்கள். தானாக மாத்திரையை நிறுத்துவது அதைவிட மோசம். ஹார்மோன் இல்லாமல் வளரும் எலும்பும் சரியாக வளராது.

வைட்டமின் டிக்கு வாரம் ஒரு பாக்கெட், 60,000 யூனிட், எட்டு வாரத்துக்கு எழுதினார். இதைக் கடையில் தானாக வாங்கி "சத்துத்தானே" என்று தினம் ஒன்றாகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வருகிறவர்களும் உண்டாம்.

போன எலும்பு திரும்புமா என்று அக்கா கேட்டார். அதே திருப்பதிக் கழகத்து டாக்டர்கள் 2012ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் தைராய்டு மிகுதியால் வரும் எலும்பு நோய் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஹார்மோன் சரியானால் இழப்பு திரும்புகிறது, முறிவு அபாயம் குறைகிறது. முழுசாகத் திரும்புகிறதா என்று நம் நாட்டில் போதுமான ஆய்வுகள் இல்லை என்பது அதன் சாரம். பாப்பாவுக்கு வயது துணை நிற்கிறது. கட்டடம் இன்னும் முடியவில்லை.

2025 கோடையில் போயிருந்தேன். மாவுக்கட்டுப் பிரித்த கை சற்றே வெளுத்து மெலிந்திருந்தது, நடுக்கம் இல்லை. டிஎஸ்எச் சரிக்கு வந்துவிட்டது. காலை ஐந்து மணிக்குத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டுத் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே டிகாக்ஷன் மணம்.

"மாமா, ஆறு ஆகற வரைக்கும் அம்மா காபி தரமாட்டாங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான்."

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் தைராய்டு இல்லையே?"

"நான் பார்க்கக் குடிக்கக்கூடாதாம்."

அக்கா கேனை மூடுவதற்கு முன் ஒரு லிட்டர் சொம்பில் பாலைத் தனியே ஊற்றி வைத்தார். சாயங்காலம் பெண்ணுக்குத் தயிராகவும் பாலாகவும் ஆக வேண்டிய பால். ஒரு மாதமாகக் காலைக் கணக்கில் ஒரு லிட்டர் குறைகிறதே, மாடு வற்றுகிறதா என்று மையத்துக்காரர் கேட்டாராம். "மாடு நல்லாத்தான் இருக்கு, பாலு வீட்லயே செலவாகுதுன்னு சொன்னேன்" என்றார் அக்கா. அந்த ஆள் நம்பவில்லையாம்.